ஸ்டேட் டாக்ஸ் ரிட்டர்ன்: நாமே போடுவதா, ஆள் வைத்துப் போடுவதா?

அமெரிக்காவில் ஜனவரி கடைசியில், கம்பெனி தரும் டபிள்யூ-2 என்ற வருடச் சம்பளத் தாள் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் பார்ப்பது முதல் இரண்டு பெட்டிகளைத்தான்: வருடச் சம்பளம் எவ்வளவு, ஃபெடரல் வரி எவ்வளவு பிடித்திருக்கிறார்கள். நான் இப்போதெல்லாம் தாளின் அடிப்பகுதிக்குப் போய்விடுகிறேன். 15, 16, 17. எந்த மாநிலம், அந்த மாநிலத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று காட்டியிருக்கிறார்கள், எவ்வளவு வரி பிடித்திருக்கிறார்கள். இந்த மூன்று பெட்டிகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதால் ஒரு வருடம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் எனக்கு வர வேண்டிய பணம் நியூயார்க் மாநிலத் தலைநகர் அல்பனியில் கிடந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஊரிலிருந்து வருகிற நமக்கு ஸ்டேட் டாக்ஸ் என்பதே கொஞ்சம் புதிது. இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது; மாநிலங்களுக்கு விட்டது விவசாய வருமானத்தை மட்டும்தான். தொழில் வரி என்று மாநகராட்சி பிடிப்பதுகூட அரசியலமைப்பின் 276ஆவது பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 1911லேயே வருமான வரி போட ஆரம்பித்துவிட்டது. ஃபெடரல் அரசுக்கு அந்த அதிகாரத்தை உறுதிசெய்த 16ஆவது திருத்தம் வந்தது 1913இல். ஆக இங்கே ஸ்டேட் டாக்ஸ் தனி அரசின் தனி வரி. விதி தனி, படிவம் தனி, கடிதம் அனுப்பும் அலுவலகமும் தனி.

டெக்சஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, தெற்கு டகோட்டா, வயோமிங், அலாஸ்கா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு வரி கிடையாது. வருடம் முழுக்க அங்கேயே வாழ்ந்து அங்கேயே வேலை பார்த்தவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுப் போகலாம். வாஷிங்டன்காரர் மட்டும் பங்குகளைப் பெரிய லாபத்துக்கு விற்றிருந்தால் ஒரு நிமிடம் நிற்கட்டும். 2022 முதல் அங்கே நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி உண்டு.

மற்றவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. மாநில அரசின் சொந்த இணையதளத்தில் இலவசமாகப் போடுவது. இலவச அல்லது மலிவான மென்பொருள். டிவியில் விளம்பரம் வருகிற பெரிய மென்பொருள். கடைசியாக, சிபிஏ என்ற பட்டயக் கணக்காளர் மாதிரி ஆள் வைத்துப் போடுவது. எதை எடுப்பது என்று கேட்டால் நண்பர்கள் சம்பளத்தை வைத்துப் பதில் சொல்வார்கள்: "உனக்கு இப்போ இவ்வளவு வருது, சிபிஏகிட்டப் போயிடு." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று லட்சம் டாலர் வாங்குகிறவர் ஒரே வீட்டில், ஒரே மாநிலத்தில் இருந்தால் அவருடைய ஸ்டேட் ரிட்டர்ன் அரைமணி நேர வேலை. அறுபதாயிரம் வாங்குகிற பையன் ஜூன் மாதம் வீடு மாறி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் தூங்கி அந்தப் பக்கம் வேலை பார்த்தால் அவனுடையது அரைநாள் வேலை. பார்க்க வேண்டியது அந்த வருடத்தில் எத்தனை மாநில எல்லைகளைத் தாண்டினீர்கள் என்பதைத்தான்.

எல்லையே தாண்டாதவருக்கு முதல் வழி. கலிஃபோர்னியாவில் ஃப்ரான்சைஸ் டாக்ஸ் போர்டு என்ற மாநில வரித் துறை நடத்தும் கால்ஃபைல், பென்சில்வேனியாவில் மைபாத், இல்லினாயில் மைடாக்ஸ் இல்லினாய். காசு கிடையாது, நடுவில் "மேம்பட்ட சேவைக்கு மாறுங்கள்" என்ற தொந்தரவும் கிடையாது. ஒரே குறை, ஃபெடரல் ரிட்டர்னை முதலில் வேறெங்காவது முடித்துவிட்டு அதிலிருந்து எண்களைக் கையால் எடுத்துப் போட வேண்டும். ஃபெடரல் வரித் துறையான ஐஆர்எஸ் 2024இல் 12 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2025இல் 25 மாநிலங்களுக்கு விரித்த டைரக்ட் ஃபைல் என்ற இலவசத் தளம் இந்தச் சிரமத்தைப் போக்கும் என்று நம்பியிருந்தேன். ஃபெடரலை முடித்ததும் அதுவே மாநிலத் தளத்துக்குக் கை காட்டிவிடும். 2026 பருவத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

அரசுத் தளங்களின் இன்னொரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கால்ஃபைல் வருடம் முழுக்க கலிஃபோர்னியாவில் வசித்தவருக்கு மட்டும். பாதி வருடம் இருந்தவரும், வெளியில் வசித்து அங்கே சம்பாதித்தவரும் 540-என்ஆர் என்ற படிவம் போட வேண்டும். அது கால்ஃபைலில் இல்லை. ஊர் மாறிய வருடத்தில் அரசுத் தளத்தில் கணக்குத் திறப்பதற்கு முன், பாதி வருடம் வசித்த பார்ட்-இயர் ரெசிடென்டுக்கும் வெளியில் வசிக்கும் நான்ரெசிடென்டுக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழியில் இலவசம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ ஃபெடரலை இலவசமாகப் போட்டுத் தரும், ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் பதினைந்து டாலர் சுமாருக்கு வாங்கும். கேஷ் ஆப் டாக்ஸஸ் இரண்டையும் இலவசமாகத் தரும், ஆனால் ஒரே மாநிலம், அதிலும் வருடம் முழுக்க வசித்தவர். இரண்டாவது மாநிலம் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பெரிய மென்பொருள்களிலும் பணம் சேர்வது பல நேரம் ஸ்டேட் பக்கத்தில்தான். ஃபெடரல் முழுக்க முடிந்து, ரீஃபண்ட் எண் பச்சையாக ஒளிர்ந்து, எல்லா விவரமும் உள்ளே போன பிறகுதான் ஸ்டேட்டுக்கான கட்டணம் வருகிறது. அந்த நேரத்தில் யார் எழுந்து வேறு கடைக்குப் போவார்கள்? டர்போடாக்ஸ் நிறுவனமான இன்ட்யூட், இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்களிடம் பணம் வாங்கியது தொடர்பான வழக்கில் 2022இல் மாநிலங்களுடன் 141 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இப்போதும் அந்த மென்பொருள் மோசம் என்று சொல்ல மாட்டேன். கேள்விகளை அழகாகக் கேட்கிறது, டபிள்யூ-2 விவரத்தைத் தானே இழுத்துக்கொள்கிறது, பங்கு விற்பனை நூறு வரி இருந்தாலும் அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. அதற்குத்தான் கூடுதல் காசு. ஸ்டேட் கணக்கை அது மலிவான மென்பொருளைவிட நன்றாகப் போடுகிறதா என்றால், நான் இரண்டிலும் ஒரே ரிட்டர்னைப் போட்டுப் பார்த்தேன், கடைசி எண் ஒன்றேதான்.

இனி என் கதை. டெக்சஸின் டல்லாஸில் வேலை. மே மாதக் கடைசியில் அதே கம்பெனி நியூயார்க்கின் மன்ஹாட்டன் அலுவலகத்துக்கு மாற்றியது. வீடு நியூ ஜெர்சியில் எடுத்தோம், காலையில் ஆற்றைத் தாண்டிப் போகும் பாத் ரயில். அடுத்த பிப்ரவரியில், தெரிந்தவர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட எண்ணைப் பிடித்து ஒரு டாக்ஸ் கன்சல்டன்டிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டார், கட்டணமும் குறைவு. ஃபெடரல் ஒன்று, நியூயார்க் ஒன்று. ஜெர்சி இல்லை. கேட்டதற்கு, "நியூயார்க்குக்குத்தான் முழுசாப் பிடிச்சிருக்காங்களே சார், ஜெர்சிக்கு எதுக்கு?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து ஜெர்சியின் தலைநகர் ட்ரென்டனிலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் இங்கே வசித்ததாகத் தெரிகிறது, ரிட்டர்ன் எங்கே?

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். முதல் தவறு, ஜெர்சி ரிட்டர்னை விட்டது: வசிக்கும் மாநிலம் உங்கள் வருமானம் எங்கிருந்து வந்தாலும் வரி கேட்கும். வேலை பார்க்கும் மாநிலம் அதன் மண்ணில் சம்பாதித்ததற்கு மட்டும் கேட்கும். ஒரே சம்பளத்துக்கு இருவரும் கேட்பதால், வசிக்கும் மாநிலம் மற்றதற்குக் கட்டிய வரியைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ள விடும். ஆனால் ரிட்டர்ன் போட்டு, அதற்குரிய அட்டவணையை இணைத்தால்தான் கழிவு. நியூ ஜெர்சியில் அந்த அட்டவணைக்குப் பெயர் என்ஜே-சிஓஜே.

எண்ணில் பார்த்தால் விளங்கும். திருமணமாகாத ஒருவர், வருடம் முழுக்க ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை, சம்பளம் ஒரு லட்சம் டாலர், வேறு வருமானம் இல்லை. 2024 விகிதப்படி நியூயார்க் 8,000 டாலரை ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலையான கழிவாக எடுத்துவிட்டுச் சுமார் 4,950 டாலர் கேட்கும். ஜெர்சி 1,000 டாலர் கழித்துவிட்டுச் சுமார் 4,180 கேட்கும். கிரெடிட் அட்டவணையைப் போட்டால் ஜெர்சியின் 4,180 முழுவதும் அடிபட்டுப் பூஜ்யம். போடாமல் விட்டு, ஜெர்சி தானாகக் கணக்குப் போட்டுக் கேட்டால் இரண்டும் சேர்ந்து 9,130. ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம். மீதமிருக்கும் 770 டாலரை ஜெர்சியிடம் கேட்டுப் பயனில்லை. கழிவு உங்கள் ஜெர்சி வரி அளவுக்குத்தான், அதற்கு மேல் தராது.

அதனால் வரிசை முக்கியம். வேலை பார்த்த மாநிலத்தின் நான்ரெசிடென்ட் ரிட்டர்னை முதலில் முடிக்க வேண்டும், அதில் கடைசியாக வரும் வரி எண்ணை எடுத்துக்கொண்டு வசிக்கும் மாநிலத்துக்கு வர வேண்டும். மாற்றிப் போட்டால் மென்பொருள் கிரெடிட்டைப் பூஜ்யமாக வைத்துவிட்டுச் சிரிக்கும். இதற்கும் விதிவிலக்கு உண்டு: அரிசோனா, ஆரிகன், வர்ஜீனியாவில் வசித்துக் கலிஃபோர்னியாவில் சம்பாதித்தவருக்குக் கிரெடிட் தருவது கலிஃபோர்னியாதான். அவர்கள் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

இரண்டாவது தவறுதான் அந்த இரண்டாயிரம் டாலர். நியூயார்க் ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. கம்பெனி உங்களுக்கு ஒரு நாள் நியூயார்க் சம்பளம் கொடுத்தாலும், டபிள்யூ-2வின் 16ஆவது பெட்டியில் வருடத்தின் மொத்த ஃபெடரல் சம்பளத்தையும் எழுதச் சொல்கிறது. நான் ஜனவரியிலிருந்து மே வரை டெக்சஸில் சம்பாதித்ததும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. மென்பொருள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். கன்சல்டன்டும் அப்படியே எடுத்துக்கொண்டார். நான்ரெசிடென்டுக்கான ஐடி-203 படிவத்தோடு ஐடி-203-பி என்று ஒன்று வரும். எத்தனை நாள் நியூயார்க்கில் வேலை, எத்தனை நாள் வெளியே என்று பிரித்துக் காட்டும் இடம் அது. அதைத் தொடாமலே அனுப்பிவிட்டார். பிறகு நானே ஐடி-203-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தைப் போட்டு, ஐந்து மாதத்தை விலக்கி, பணத்தைத் திரும்ப வாங்கினேன். ரீஃபண்ட் கேட்க மூன்று வருட அவகாசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஜெர்சிக்குப் பார்ட்-இயர் ரிட்டர்ன் போட்டு, கிரெடிட்டையும் காட்டி, பூஜ்யத்தில் முடித்தேன்.

இங்கே ஒரு நுணுக்கம். நியூயார்க் வரி விகிதத்தை முடிவுசெய்ய உங்கள் மொத்த வருமானத்தையும் பார்க்கிறது. நீங்கள் வருடம் முழுக்க அங்கேயே வசித்ததுபோல ஒரு வரி போட்டு, அதில் நியூயார்க் பங்கின் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவும் இதே முறைதான். டெக்சஸ் வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், அது மீதி வருமானத்தை மேல் படிக்கு ஏற்றிவிடும்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களையும் கழித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். வாரத்தில் இரண்டு நாள் ஜெர்சி வீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன்! நடக்காது. நியூயார்க் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் தன் வசதிக்காக வெளி மாநில வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் நியூயார்க் நாள்தான். கனெக்டிகட்டில் வசித்து நியூயார்க்கில் சட்டம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி இந்த விதியை எதிர்த்து நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2003இல் தோற்றார். வரிச் சட்டமே அவருடைய பாடம். அவரே தோற்ற இடத்தில் நமக்கென்ன வேலை என்று விட்டுவிட்டேன்.

இப்படி எல்லைக்கு எல்லை சண்டை போடாத மாநிலங்களும் இருக்கின்றன. ஜெர்சியும் பென்சில்வேனியாவும் சம்பளத்துக்குப் பரஸ்பர ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. செர்ரி ஹில்லில் வசித்து ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்ப்பவர் ஜெர்சிக்கு மட்டும் ரிட்டர்ன் போட்டால் போதும். கம்பெனியில் ஆர்இவி-419 படிவம் கொடுத்துப் பென்சில்வேனியா பிடித்தத்தை நிறுத்திவிடலாம். ஃபிலடெல்ஃபியா நகரத்தின் சம்பள வரி மட்டும் இதில் அடங்காது, வெளியூர்க்காரருக்கும் மூன்றரை சதவீதத்தை ஒட்டிப் பிடிப்பார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து, வாஷிங்டன் டிசி மூன்றுக்குள்ளும் இதே மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. இல்லினாய்க்கு மிச்சிகன், விஸ்கான்சின், அயோவா, கென்டக்கியோடு இருக்கிறது. ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் இல்லை, அதனால்தான் ரயிலில் போகிற நாங்கள் எல்லோரும் இரண்டு ரிட்டர்ன் போடுகிறோம்.

ஒப்பந்தம் இல்லாத இன்னொரு இடம் கொலம்பியா ஆறு. ஆரிகனில் விற்பனை வரி இல்லை, வாஷிங்டனில் வருமான வரி இல்லை, ஆகவே வாஷிங்டனின் வான்கூவரில் வீடு எடுத்துப் போர்ட்லாந்தில் வேலை பார்த்தால் இரண்டு பக்கமும் லாபம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். போர்ட்லாந்தில் சம்பாதித்ததற்கு ஆரிகன் நான்ரெசிடென்ட் வரி உண்டு. கிரெடிட் தர வாஷிங்டனில் வரியே இல்லை.

ஊர் தாண்டி விளையாடப் போனாலும் விடமாட்டார்கள். 1991 கூடைப்பந்து இறுதிப் போட்டியில் சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் ஜெயித்த கையோடு கலிஃபோர்னியா அந்த வீரர்களிடம் வரி கேட்டது. இல்லினாய் பதிலுக்கு ஒரு சட்டம் போட்டது, அதற்கு மைக்கேல் ஜோர்டனின் பழிவாங்கல் என்றே பெயர் வந்தது. நாம் ஜோர்டன் இல்லைதான். ஆனால் கிளையண்ட் இடத்துக்கு மாதக்கணக்கில் போய் உட்காரும் கன்சல்டிங் வேலைக்காரர்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் கருத்து இது. ஒரே ஒரு எல்லை தாண்டியிருந்தால், அதாவது ஒரு ரெசிடென்ட் ரிட்டர்ன், ஒரு நான்ரெசிடென்ட் ரிட்டர்ன் என்றால், மலிவான மென்பொருளில் நாமே போடுவதுதான் நல்லது. இரண்டு ஸ்டேட்டுக்கும் சேர்த்து முப்பது டாலர் சுமார் ஆகும், ஒரு சனிக்கிழமை போகும். முக்கியமான காரணம் பணமில்லை. மே மாதம் எந்தத் தேதியில் லாரியில் சாமான் ஏற்றினோம், எத்தனை நாள் எந்த அலுவலகத்தில் இருந்தோம் என்பது நமக்குத்தான் தெரியும். வெளியாள் கேட்டால்தான் சொல்வோம். அவர் கேட்க மாட்டார், அவருக்கு அன்றைக்கு இன்னும் நாற்பது ரிட்டர்ன் இருக்கிறது.

ஆள் வைக்க வேண்டிய நேரமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கம்பெனி ஆர்எஸ்யூ, அதாவது தவணை தவணையாகக் கைக்கு வரும் பங்கு, கொடுத்து, அது கைக்கு வருவதற்குள் ஆஸ்டினுக்கு வீடு மாறியவர்கள் இப்போது நிறைய. பங்கு கிடைத்தது டெக்சஸில் இருக்கும்போதுதானே என்று விட முடியாது. ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை எத்தனை வேலை நாள் கலிஃபோர்னியாவில் இருந்தீர்களோ, அந்த அளவுக்கு அதன் மதிப்பில் கலிஃபோர்னியா பங்கு கேட்கும். ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கணக்கு. அதேபோல எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பி வேலை விசாவுக்கு மாறி, ஒரே வருடத்தில் பாதி நான்ரெசிடென்ட், பாதி ரெசிடென்ட் என்று டூயல் ஸ்டேட்டஸில் இருப்பவர்கள். இரண்டு மூன்று மாநிலத்தில் வாடகைக்கு விட்ட வீடு, பார்ட்னர்ஷிப் வருமானம் உள்ளவர்கள். இவர்கள் ஐஆர்எஸ் உரிமம் பெற்ற என்ரோல்டு ஏஜென்டிடமோ சிபிஏவிடமோ போவதுதான் சரி.

போனால் யாரிடம் போவது? ரிட்டர்ன் போட்டுக் காசு வாங்குகிற எவரிடமும் ஐஆர்எஸ் கொடுத்த பிடின் எண் இருக்க வேண்டும், ரிட்டர்னில் அவர் கையெழுத்தும் வர வேண்டும். "நீங்களே போட்டதா இருக்கட்டும்" என்று சொல்லிக் காசை மட்டும் வாங்குகிறவரை விட்டு ஓடிவிடுங்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுகிறவரையும்தான். வேலை ஹைதராபாத்திலோ சென்னையிலோ நடக்கும் அலுவலகங்கள் பல. அதில் தப்பில்லை, நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வரி விவரத்தை அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அந்தச் சம்மதத் தாளை அவராகவே நீட்டுகிறாரா என்று பார்ப்பேன். அதைவிட எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன்: "என் ரெசிடென்ட் ஸ்டேட்டில் கிரெடிட்டை எந்த அட்டவணையில் போடுவீங்க?" என்று போனில் கேட்பேன். பெயர் டக்கென்று வந்தால் பேச்சைத் தொடரலாம்.

மாணவர்களுக்கு இதில் எதுவும் அப்படியே பொருந்தாது. எஃப்-1இல் முதல் ஐந்து காலண்டர் வருடம் பொதுவாக ஃபெடரலுக்கு 1040-என்ஆர் போட வேண்டும். டர்போடாக்ஸில் அந்தப் படிவமே இல்லை, ஸ்பிரின்டாக்ஸ் மாதிரி அதற்கென்றே இருப்பதை எடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கான கட்டணத்தையே கொடுத்துவிடுவதுண்டு, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். ஃபெடரலுக்கு நான்ரெசிடென்டாக இருக்கும் மாணவர் மாநிலத்துக்கு ரெசிடென்டாக இருக்கலாம் என்பது பலரும் தடுக்கி விழும் இடம். இந்திய மாணவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் தரும் வரி உடன்படிக்கையின் 21ஆவது பிரிவு ஃபெடரலுக்கானது. கலிஃபோர்னியா, ஜெர்சி, பென்சில்வேனியா போன்றவை அந்த உடன்படிக்கையைத் தங்கள் வரிக்கு எடுத்துக்கொள்வதில்லை. வருமானம் குறைவாக இருக்கும் மற்றவர்கள் வீட்டா என்ற தன்னார்வலர் மையங்களை மறக்க வேண்டாம். பல ஊர்களில் நூலகத்திலேயே நடக்கிறது, ஐஆர்எஸ் சான்று பெற்றவர்கள் ஸ்டேட்டையும் சேர்த்து இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் மென்பொருளும் ஆளும் கேட்காமல் விடும் சில கேள்விகள் உண்டு. என் அனுபவத்தில் பணம் நழுவுவது அங்கேதான்.

ஊரில் எஃப்டி வைத்திருக்கிறீர்களா? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு, ஸ்டேட்டிலும் உண்டு. இந்திய வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு அங்கே பிடித்த வரியை ஃபெடரலில் 1116 படிவத்தால் கழித்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இந்தியாவுக்குக் கட்டிய வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதே வட்டிக்கு மறுபடி கட்ட வேண்டியதுதான்.

எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறீர்களா? ஃபெடரல் அதை வருமானத்திலிருந்து விலக்கும், கலிஃபோர்னியாவும் ஜெர்சியும் திரும்பச் சேர்க்கும். பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேல்: நீங்கள் 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போடும் பணத்துக்கே அந்த வருடமே வரி வாங்கிவிடும். அதற்குப் பதிலாக ஓய்வுக் காலத்தில் எடுக்கும்போது கேட்காது. இவற்றால்தான் டபிள்யூ-2வின் 1ஆம் பெட்டியும் 16ஆம் பெட்டியும் சில மாநிலங்களில் பொருந்துவதில்லை. தப்பாக அச்சாகிவிட்டதோ என்று பயந்து கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

வாடகை வீடா? மாசசூசெட்ஸ் கொடுத்த வாடகையில் பாதியை, 4,000 டாலர் வரைக்கும் கழிக்க விடுகிறது. ஜெர்சி வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரியாக எடுத்துக்கொண்டு அதைக் கழிக்கிறது, இல்லையென்றால் 50 டாலர் கிரெடிட். கலிஃபோர்னியா வருமான வரம்புக்குள் இருக்கும் தனியாளுக்கு 60 டாலர் தருகிறது. பெரிய காசில்லை, ஆனால் மென்பொருளில் இந்தக் கேள்வியை எல்லோரும் "ஸ்கிப்" அழுத்தித் தாண்டுகிறார்கள்.

நியூயார்க் நகரத்துக்குள்ளேயே வீடு என்றால் நகர வரி தனி, 3.078 முதல் 3.876 சதவீதம் வரை. மேலே சொன்ன அதே ஒரு லட்சம் டாலர்காரர் ஜெர்சி சிட்டியை விட்டு குயின்ஸுக்கு மாறினால் சுமார் 3,440 டாலர் கூடும். இது நகரவாசிக்கு மட்டும். வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர் நகரத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு வீட்டை நிரந்தரமாக வைத்துக்கொண்டு மாநிலத்துக்குள் 183 நாளைத் தாண்டினால், நீங்கள் எங்கே வசிப்பதாகச் சொன்னாலும் நியூயார்க் ரெசிடென்ட் ஆக்கிவிடுவார்கள்.

தேதி விஷயத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலும் ஏப்ரல் 15. வர்ஜீனியா மே 1, லூயிசியானா மே 15. முடியாவிட்டால் கலிஃபோர்னியா கேட்காமலே அக்டோபர் 15 வரை விடும். நியூயார்க்கில் ஐடி-370 போட்டுக் கேட்க வேண்டும். ஜெர்சியில் வர வேண்டிய வரியில் 80 சதவீதம் ஏப்ரலுக்குள் கட்டியிருந்தால்தான் நீட்டிப்பு செல்லும். நீட்டிப்பது தாளுக்கு மட்டும், பணத்துக்கு எங்கேயும் நீட்டிப்பு இல்லை. வட்டி அந்தந்த மாநிலத்தின் முதல் கெடுவிலிருந்தே ஓடும்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன் வந்தான். ஆகஸ்டில் வட கரோலினாவிலிருந்து மாறி வந்தவன், ஜெர்சியில் வீடு. "அண்ணா, உங்க ஆள் நம்பர் கொடுங்களேன், நியூயார்க்குக்கு ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சிரும்ல?" என்றான். அவனுடைய டபிள்யூ-2வை வாங்கி 16ஆம் பெட்டியைப் பார்த்தேன். அவனுக்கு மூன்று ரிட்டர்ன்: வட கரோலினா பார்ட்-இயர், நியூயார்க் நான்ரெசிடென்ட், ஜெர்சி பார்ட்-இயர். கம்பெனி வேறு மாறியதால் இரண்டு டபிள்யூ-2, அதனால் 16ஆம் பெட்டிக் குழப்பம் அவனுக்கு இல்லை. ஒரு பழைய கம்பெனி, ஒரு புதிய கம்பெனி என்று சம்பளம் தானாகவே பிரிந்துவிட்டது. ஆளெல்லாம் வேண்டாம், சனிக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றேன். வட கரோலினாவை முதலில் போட்டோம், அப்புறம் நியூயார்க், கடைசியில் ஜெர்சி. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு முடிந்தது. ஜெர்சியில் வாடகைக் கேள்வி வந்தபோது ஸ்கிப் பக்கம் கை போனது, பிடித்து நிறுத்தினேன்.

எல்லாம் அனுப்பிய பிறகு மூன்று ரிட்டர்னையும் பிடிஎஃப் ஆக இறக்கி ஒரு ஃபோல்டரில் வைக்கச் சொன்னேன். அடுத்த ஜனவரியில் மாநிலங்களிலிருந்து 1099-ஜி என்று ஒரு தாள் வரலாம், நீ வாங்கிய ரீஃபண்டைக் காட்டி. அதைப் பார்த்து, இதுக்கும் வரியா என்று பதறி எனக்குப் போன் பண்ணாதே. இந்த வருடம் ஃபெடரலில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்தானே எடுத்தாய், அதனால் அந்த ரீஃபண்ட் வருமானத்தில் சேராது என்றேன். அவன் தலையாட்டினான். எப்படியும் ஜனவரியில் போன் வரும் என்று எனக்குத் தெரியும்.